ஐம்பதிலும் வளையும்!

(பொழிவின் எழுத்துவடிவம்)



‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழியைச் சொல்லாத ஊரில்லை, கேளாத செவியில்லை. மரத்துக்குச் சொன்ன அச்சொல்லை மாந்தர்மேல் ஏற்றி, ஐம்பதைக் கடந்தவர்க்குக் கல்வியில்லை, பயிற்சியில்லை, புதுத்தொழில் இல்லை என்று சிலர் தீர்ப்பெழுதிவிட்டனர். முன்னாளில் அது வெறும் ஏச்சு. இன்றோ அது வயிற்றிலடிக்கும் தீர்ப்பு. கரணியம் யாது? கணிப்பொறி!

வங்கியிலே கணிப்பொறி. நெல் விற்குமிடத்தே கணிப்பொறி. நிலப்பதிவுக்கும் நியாயவிலைக் கடைக்கும் கணிப்பொறி. கூலியாளின் வருகைப் பதிவுக்கோ, கைப்பேசி என்னும் கையடக்கக் கணிப்பொறி. ‘உனக்கு அது தெரியாது, ஆகவே உனக்கு இங்கே இடமில்லை’ என்னும் குரல், ஐம்பதும் அறுபதும் கடந்த உழைப்பாளியின் செவியிலே நாள்தோறும் விழுகின்றது.

அன்பர்களே! முதியவரை உழைப்பினின்று தள்ளுவது கணிப்பொறியன்று. அதன் திரைமேல் ஏற்றிவைக்கப்பட்ட அயன்மொழியும், அதனைச் சுற்றி நடப்பட்ட அகவை வேலியுமே தள்ளுகின்றன. மொழியைத் தமிழாக்கி வேலியைப் பிடுங்கியெறிந்தால், அதே பொறி முதியவர்க்கு ஊன்றுகோலாகும். இது வெறும் கனவுரையன்று. புதுச்சேரிச் சிற்றூர்களே மெய்ப்பித்துக் காட்டிய உண்மை.

சிற்றூரில் ஓய்வு அகவை ஏது?

நகரத்து அலுவலர்க்கு அறுபதிலோ அதன் முன்பின்னோ ஓய்வு, அதன்மேல் ஓய்வூதியம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நாற்று நடும் தாய்க்கும், கரும்பு வெட்டும் உழவனுக்கும், கறவை மாட்டை நம்பி வாழும் மூதாட்டிக்கும் ஓய்வு அகவை என்று ஒன்று உண்டோ? கை ஓயும் நாளே அவர்க்கு ஓய்வு நாள். அதுவரை உழைத்தாக வேண்டும். எனவே, முதுமையில் வேலையில் நீடிப்பது அவர்க்கு விருப்பமன்று, உயிர்வாழ்வு.

ஆலைத் தொழிலாளர் நிலையையும் எண்ணிப் பாருங்கள். எட்டு மணிநேர வேலைக்காகப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளரில் 12 பேர், 1936 சூலை 30ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுகளுக்கு இரையாயினர். அத்தகைய வரலாறு படைத்த புதுச்சேரியில், 1898இல் தோன்றிய ஆங்கிலோ–பிரெஞ்சுத் துணியாலை 2020 ஏப்பிரல் 30ஆம் நாளோடு மூடப்பட்டது. சுற்றுச் சிற்றூர்களிலிருந்து மிதிவண்டியில் சென்று, பல்லாண்டு தறியோடு வாழ்ந்தவர்கள் அவ்வாலைத் தொழிலாளர்கள். முப்பது அகவையில் வேலை இழந்தவன் வேறு தொழில் தேடுவான். ஐம்பத்தைந்தில் இழந்தவன் எங்கே போவான்? காவற்பணிக்குச் சென்றாலும் வருகைப் பதிவு கைப்பேசியில். கடைக்குச் சென்றாலும் கணக்குத் திரையில்!

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்து, ‘நூறு நாள் வேலை’ என மக்கள் வழங்கிய ஊரக வேலைத் திட்டத்தில் அகவைக்கு மேல்வரம்பு இல்லாதிருந்தது. முதியோர் பலர்க்கு அது கஞ்சி வார்த்தது. ஆயினும் 2023 சனவரி முதல் நாளிலிருந்து பொதுப் பணியிடங்களில் வருகைப் பதிவு கைப்பேசிச் செயலி வழியே என்றாயிற்று. 2024 சனவரி முதல் கூலி வழங்கலும் ஆதார் எண்ணைச் சார்ந்ததாயிற்று. அகவைக்கு வரம்பில்லாத வேலைக்குப் பொறியறிவு என்னும் புதுவரம்பு புறவாயில் வழியே நுழைந்தது.

இதனினும் பெருங்கொடுமை ஒன்றுண்டு. மண்வெட்டி பிடித்தும் நாற்று நட்டும் வலையிழுத்தும் தேய்ந்த விரல்களில் வரிகள் மங்கிப்போகின்றன. விரல்வரி பார்க்கும் பொறி, உழைத்துத் தேய்ந்த விரலைப் பார்த்து, ‘நீ யார்?’ என்று கேட்கின்றது! உழைத்த கையே உழைத்தவனுக்கு எதிராகச் சான்று சொல்கின்றது. கண்மணியைக் கொண்டும் முகத்தைக் கொண்டும் அடையாளம் காட்டலாம் என்னும் மாற்றுவழி இருக்கத்தான் செய்கின்றது. அவ்வழி உண்டென்று அறிந்து கேட்பவர்க்கன்றோ அது கிட்டும்? அறியாதவர் கூலியிழந்து வெறுங்கையோடு திரும்புகின்றார். கணிப்பொறியறிவு என்பது எழுத்தடிக்கும் திறம் மட்டுமன்று. தன் உரிமையைக் கேட்டுப் பெறும் திறமுமாகும் என்பதை இங்கே கருத்திலிருத்துங்கள்.

வில்லியனூர் காட்டிய வழி

1998ஆம் ஆண்டு. நகரத்துப் படித்தவரே கணிப்பொறியைக் கண்ணால் காண அரிதாயிருந்த காலம். வேளாண் அறிஞர் எம்.எசு. சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டுப் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி நடுவத்தின் துணையோடு, வில்லியனூரை நடுவமாகக் கொண்டு ஊர்ப்புற அறிவு மையங்களைத் தொடங்கிற்று. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம், நல்லவாடு முதலிய ஊர்களில் மையங்கள் அடுத்தடுத்து எழுந்தன.

இவற்றுள் கீழூர் வெறும் ஊரன்று. பிரெஞ்சியர் ஆட்சி நீங்குவதா என்று முடிவு செய்ய 1954 அக்தோபர் 18இல் மக்கள் உறுப்பினர் 178 பேர் கூடி வாக்களித்ததும், அவருள் 170 பேர் இந்திய ஒன்றியத்தோடு இணைவதற்கு இசைந்ததும் அவ்வூரிலேதான். அயலாட்சி நீங்க வாக்களித்த ஊரில், அயன்மொழி நீங்கிய கணிப்பொறி வந்தமர்ந்தது பொருத்தமன்றோ!

அம்மையங்கள் எவ்வாறு இயங்கின? தொலைப்பேசிக் கம்பி செவ்வனே எட்டாத ஊர்கள் பல. ஆகவே வில்லியனூரிலிருந்து கம்பியில்லா ஒலியலை வழியே செய்திகள் சென்றன. மின்வெட்டுக்கு மாற்றாகக் கதிரொளித் தகடுகள் பொருத்தப்பட்டன. ஊரார் இடம் தர வேண்டும். அவ்விடம் சாதிவேறுபாடின்றி எல்லாரும் நுழையத் தக்கதாயிருக்க வேண்டும் என்பது முதல் வரையறை. மையத்தை நடத்தியவர் அவ்வவ்வூர்த் தொண்டர்களே. அவருள் பெண்டிர் பெரும்பங்கினர்.

யாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. திரையில் தோன்றியது தமிழ். நெல் விலை, உர விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவர் இருக்குமிடம், பேருந்து நேரம் என ஊராருக்கு வேண்டியவையெல்லாம் தமிழில் தொகுக்கப்பட்டன. ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று முதலில் ஊராரைக் கேட்டுப் பின்னரே அவை திரட்டப்பட்டன. 2001இல் சுவீடன் நாட்டு இசுடாக்கோம் நகரில் வழங்கப்பட்ட உலகப் பரிசொன்று இத்திட்டத்திற்குக் கிட்டியது. பாராட்டியது உலகம்; ஆனால் அதன் படிப்பினையை நம் ஆட்சியாளர் ஏற்றனரா என்பதே கேள்வி.

ஒரு கோயில், இரு வாயில்

எம்பலத்தில் அறிவு மையம் அமைந்த இடம் ஒரு பழங்கோயிலின் வளாகம். கோயிலின் ஒரு வாயில் பழைய வாயில். தாழ்த்தப்பட்டோரும் திங்கள் விலக்குற்ற பெண்டிரும் அதனுள் நுழைதல் கூடாது. மற்றொரு வாயில் கணிப்பொறி இருக்குமிடத்துக்கு. அதன்வழி எவரும் நுழையலாம்! ஒரே சுவரில் இரண்டு உலகங்கள். இக்காட்சியை 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாளிதழொன்று வியந்தெழுதியது.

அவ்விதழ் சொன்ன மற்றொரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு உயிரானது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணி. அவர்க்குப் பிழைப்பு ஒரு கறவை மாடு. அம்மாடு ஐந்து நாளாகக் கன்றீன முடியாமல் தவித்தது. மாடு மாண்டால் பிழைப்பும் மாளும். செய்தி அறிவு மையத்துக்கு எட்டிற்று; மையத்துக் கணிப்பொறியில் அவ்வட்டாரத்துக் கால்நடை மருத்துவர் பட்டியல் எடுக்கப்பட்டது. பட்டியலிலிருந்த மருத்துவர் வந்தார், கன்று வெளிவந்தது, மாடு பிழைத்தது.

அந்தத் தாய் எழுத்துப் பலகையைத் தொடவில்லை; திரையைப் படிக்கவுமில்லை. ஆயினும் கணிப்பொறி அவரைத் தொழிலில் நிலைக்கச் செய்தது. எதனால்? பொறி நடக்கும் தொலைவில் இருந்தது. வாயில் திறந்திருந்தது. செய்தி தமிழில் இருந்தது. படித்துச் சொல்ல ஊர்ப்பெண் ஒருத்தி இருந்தாள். இந்த நான்கும் இருந்தால் எழுத்தறியாதார்க்கும் கணிப்பொறி பயன்படும். இந்நான்கும் இல்லையேல் பட்டம் பெற்றவர்க்கும் அது வெறும் பெட்டியே!

கல்விக்கு வாயில் திறப்பதும் அடைப்பதும் இவ்வட்டாரத்துக்குப் புதிய செய்தியல்ல. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரிலே ஒரு கல்லூரி இருந்ததையும், அதற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதையும் பாகூர்ச் செப்பேடு சொல்கின்றது. பெருமைதான். ஆனால் அது வடமொழிக் கல்வி. சிலர்க்கே உரிய கல்வி. அவ்வூர்களில் ஏர்பிடித்தவன் விளைவித்த நெல் கல்லூரிக்குச் சென்றது. கல்லூரியின் கல்வி ஏர்பிடித்தவனுக்குத் திரும்பி வரவில்லை. இன்றைய கணிப்பொறிக் கல்வியும் அந்த வழியே போகலாமா?

கடலும் கணிப்பொறியும்

கடற்கரைக்கு வாருங்கள். வீராம்பட்டினத்து மீனவர்க்கு அலையின் உயரமே வாழ்வையும் சாவையும் தீர்ப்பது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலைக்கணிப்பை வில்லியனூர் நடுவம் எடுத்துத் தமிழாக்கி அனுப்பிற்று. ஊரில் ஒலிபெருக்கி அதனை முழங்கிற்று. காற்றின் போக்கையும் நீரின் நிறத்தையும் பார்த்துக் கடலைக் கணித்த முதியவரின் பட்டறிவு இதனால் வீணாயிற்றா? இல்லை. திரை தந்த எண்ணை, கடலோடு வாழ்ந்த கண் எடைபோட்டது. பழையதும் புதியதும் கைகோத்தன.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைப்பேசி எச்சரிக்கையை நல்லவாட்டு மக்கள் மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊர் முழுதும் அறிவித்தனர். ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினர். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் நின்றன. ஊரார் தமதாக்கிக்கொண்ட கருவியே இடர்நாளில் அவர்க்குத் துணை நின்றது.

விரலுக்கு ஏற்ற தமிழ்

‘கேட்டறிதல் சரி, முதியவர் தாமே இயக்க முடியுமா?’ என்று ஐயுறுவோர்க்கு அச்சுத்தொழிலை எடுத்துக்காட்டலாம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோத்த அச்சுக்கோப்பாளர்கள் ஆயிரமாயிரவர். கணிப்பொறி வந்ததும் எழுத்துப்பெட்டிகள் பரணேறின. வலமிடமாய்த் திரும்பிய எழுத்தையும் பிழையறப் படிக்கும் கண் அவர்களுடையது. ஒற்று மிகுமிடமும் மிகாவிடமும் அவர்தம் விரல் அறியும். அத்தகையோர்க்கு ஆறு திங்கள் பயிற்சி தந்திருந்தால் இற்றை நூல்களில் மலிந்து கிடக்கும் பிழைகளில் பாதி இராது! பயிற்சி பெற்றோர் நிலைத்தனர். பெறாதோர் தெருவில் நின்றனர். பிழை பொறியினுடையதன்று, பயிற்சி மறுத்தவர்களுடையது.

தமிழ்த் தட்டச்சாளர் வரலாறோ வேறு. யாழ்ப்பாணத்தில் பிறந்த முத்தையா உருவாக்கிய தட்டச்சுப்பொறியின் வழிவந்த எழுத்தமைப்பில் பழகியவர் பலர். கணிப்பொறிக்குத் தமிழ் எழுத்துமென்பொருள் செய்தவர்கள் அப்பழைய அமைப்பையும் அதனுள் வைத்தனர். ஆகவே தட்டச்சாளர் கை பழைய வழக்கை மறவாமலே புதுப்பொறிக்கு மாற முடிந்தது. மாந்தனைப் பொறிக்கு வளைக்காமல், பொறியை மாந்தனுக்கு வளைத்தமையின் பயன் இது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகை இன்னும் ஒருபடி மேலே சென்றது. தமிழெழுத்து 247. ஆனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என முப்பத்தொன்றைக் கற்றால் போதும். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் ‘கி’ தோன்றும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் என்பதும், ‘ங்க’, ‘ந்த’, ‘ம்ப’ என இனவெழுத்துகள் இணையும் என்பதும் திண்ணைப் பள்ளியிலேயே கற்ற இலக்கணம் அல்லவா? அந்த இலக்கணமே விசைப்பலகையாயிற்று! அறுபது அகவை முதியவர் இங்கே புதிதாய்க் கற்பது சிறிது. ஏற்கெனவே கற்றது பெரிது. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையில் அவர் இரண்டு மொழியோடு போராட வேண்டும். தாய்மொழி வழியில் அவர் பாதித்தொலைவை முன்பே நடந்துவிட்டவராகின்றார்.

வேலியிட்டவர் யார்?

வழி இவ்வாறு இருக்க, நடந்தது என்ன? 2017இல் ஒன்றிய அரசு ஊரக மக்களுக்குக் கணிப்பொறி எழுத்தறிவு தரும் நாடு தழுவிய திட்டமொன்றைக் கொணர்ந்தது. 6 கோடி வீடுகள் இலக்கு, 20 மணிநேரப் பயிற்சி, வீட்டுக்கு ஒருவர். 2024 மார்ச்சு இறுதியில் அது நிறைவுற்றபோது 6 கோடிக்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்றிருந்தனர். நன்று. ஆனால் அதில் சேரும் அகவை யாது? 14 முதல் 60 வரை! அறுபத்தொன்றாம் அகவையர்க்குக் கதவடைப்பு. வீட்டுக்கு ஒருவர் என்றால் பெயரனை அனுப்புவார்களா, பாட்டியை அனுப்புவார்களா? 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபதும் அதற்கு மேலும் ஆனவர் 10 கோடிக்கு மேற்பட்டோர். அவருள் அறுபதைக் கடந்த ஊரகத்தவரையெல்லாம் ஒரு வரியில் வெளியே நிறுத்திவிட்டனர்.

சப்பானின் காமிகாட்சு என்னும் மலையூரைப் பாருங்கள். 1981இல் கடுங்குளிர் தாக்கி அவ்வூர்க் கிச்சிலிமரங்கள் பட்டன. இளையோர் நகரம் சென்றுவிட, எஞ்சியவர் முதியவரே. 1986இல் அவர்கள் ஒரு புதுத்தொழில் தொடங்கினர். விருந்துத் தட்டுகளை ஒப்பனை செய்யும் இலைகளையும் மலர்க்கொம்புகளையும் பறித்து விற்கும் தொழில் அது. 1990களின் பிற்பகுதியில் முதியோர் கைக்கேற்ற எளிய அமைப்போடு கணிப்பொறிகள் வீடுதோறும் வந்தன. எழுபதும் எண்பதும் ஆன பாட்டிமார், எந்த இலைக்கு என்ன விலை என்பதைத் தாமே தம் தாய்மொழியில் திரையில் பார்த்துப் பறித்தனர். தம் விற்பனை எத்தனையாம் இடத்தில் நிற்கின்றது என்றும் பார்த்துப் போட்டியிட்டனர். அங்கே அவர்கள் சுமையல்லர். ஊரின் பொருளியலையே தாங்குபவர்கள்.

இலைக்கு அவ்வளவு ஆற்றல் உண்டென்றால், புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் கலைக்கு எவ்வளவு ஆற்றல் இருக்கும்! மண்ணைக் கையால் உயிர்ப்பிக்கும் முதுகலைஞர் ஒருவர், தம் படைப்பைத் தாமே படமெடுத்து விலைகூறி விற்கக் கற்றால், இடைத்தரகன் கையில் போகும் பங்கு அவர் கையில் நிற்குமன்றோ?

செய்ய வேண்டுவன

‘இளைஞர்க்கே வேலையில்லை, முதியவர்க்கு எதற்குப் பயிற்சி?’ என்று வினவுவார் உளர். நாற்றங்காலைப் பார்த்தவுடன் நோயறியும் உழவனின் இடத்தையா இளைஞன் கேட்கின்றான்? முதியவர் தொழிலில் நீடித்தால்தான் அவரிடமிருந்து இளையவன் தொழிலைக் கற்பான். பட்டறிவு முதியவரிடம், பொறியறிவு இளையவனிடம். இரண்டும் ஒரே திண்ணையில் அமர வேண்டும்.

ஆகவே வேண்டுவன இவை: முதலாவது, ஊரகக் கணிப்பொறிப் பயிற்சி எதிலும் அகவைக்கு மேல்வரம்பு கூடாது. இரண்டாவது, பயிற்சியும் திரையும் விசையும் குரலும் தமிழில் இருத்தல் வேண்டும். புதுச்சேரியில் தமிழ் ஆட்சிமொழியாகச் சட்டம் உண்டு. அது தாளில் மட்டும் இருந்தால் போதாது, திரையிலும் ஆள வேண்டும். மூன்றாவது, பயிற்சி நகரத்தில் அன்று, கொம்யூன் சிற்றூர்களில், நடவும் அறுப்பும் இல்லாத நாளில், மாலை வேளையில் நடைபெற வேண்டும். நான்காவது, பெரிய எழுத்து, மெல்லிய நடை, ஒத்த அகவையுடைய பயிற்றுநர் வேண்டும். ஐந்தாவது, கற்பிப்பது அவரவர் தொழிலாயிருக்க வேண்டும். மாட்டுக்காரர்க்கு மாட்டு மருத்துவம், உழவர்க்கு விலையும் மழையும், கூலியாளுக்குத் தம் கூலிக் கணக்கு. ஆறாவது, கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுத்துப் பணமிழக்காமல் காத்துக்கொள்ளும் முறையும், விரல்வரி தேய்ந்தால் மாற்றுவழி கேட்கும் உரிமையும் முதற் பாடமாக வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டா. ஊர்தோறும் படிப்பகம் உண்டு. படித்த இளைஞர் உண்டு. ஒரு கைப்பேசியேனும் உண்டு. கிழமைக்கு ஒரு மாலை, ஒரு முதியவர்க்கு ஓர் இளையவர் என்று தொடங்கினால் ஓராண்டில் ஊர் மாறும்.

ஐம்பதில் வளையாது என்பாரை நோக்கி இறுதியாக ஒன்று. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1902இல் பிறந்தவர். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அவர் பொறுப்பேற்றது 1974இல். அப்போது அவர்க்கு அகவை 72! 1981 சனவரியில் உயிர் பிரியும்வரை அப்பணியிலேயே நின்றார். எழுபத்திரண்டில் ஒரு மொழியின் வேரையே தோண்டத் தொடங்கினார் ஒருவர். ஐம்பத்தைந்தில் ஒரு விசையைத் தட்ட முடியாதென்று சொல்லித் தமிழ் உழைப்பாளியை ஒதுக்க எவர்க்கு உரிமை?

ஐந்தில் வளைய வாய்ப்பு மறுக்கப்பட்டோர் நம் முன்னோர். ஐம்பதிலும் அதனை மறுப்பது இரட்டைக் கொடுமை. வாயிலைத் திறவுங்கள், தமிழில் சொல்லுங்கள், ஐம்பதிலும் வளையும், அறுபதிலும் நிமிரும்!

உழைப்பு வாழ்க! தமிழ் வெல்க!